செம்பாணி

ரோட்டோரப் புளியங்கட்டையை லேத்தில் ஏற்றுகிறவளுக்கு உளி இருக்கிறதோ இல்லையோ, காந்தம் இருக்க வேண்டும். உள்ளே எத்தனை ஆணி கிடக்கிறதோ யார் கண்டது? எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டால், உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். முடியை அறுத்து அவளை மட்டும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். பேய் மரத்தோடு தங்கிவிடுமாம். மரம் பருக்கப் பருக்க ஆணி உள்ளே போய்விடும். அப்புறம் என்னை மாதிரி ஒருத்தி அதை வாங்கி அறுப்பாள், உளியின் வாய் போகும். பேய்க்கு ஒரு நஷ்டமும் இல்லை, எனக்குத்தான் தண்டம்.

என் பெயர் மைதிலி. சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்தெருவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, மரம் கடைய ஒரு சின்ன லேத் வைத்து மரப்பேனா செய்கிறேன். கட்டையைத் துளைத்து, நடுவில் பித்தளைக் குழல் ஒட்டி, சுற்றவிட்டு விரல் கனத்துக்குக் கொண்டு வருவேன். பிறகு மேலே மெல்லிசாகப் பள்ளம் கீறி, செம்புக் கம்பியோ பித்தளைக் கம்பியோ வைத்துத் தட்டி இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். தடவிப் பார்த்தால் மரம் எது, கம்பி எது என்று விரலுக்குத் தெரியக்கூடாது. அதுதான் வேலை. வாங்குகிறவர்கள் அதில் எழுதுகிறார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். சட்டைப் பையில் குத்திக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ராசிபுரத்துக்குக் கிழக்கே ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிய புளியமரத்தில் ஒரு கட்டை எனக்கு மரக்கடையில் கிடைத்தது. நல்ல வைரம் பாய்ந்தது, காப்பிக்கொட்டை நிறம். மேலும் கீழும் காந்தத்தை ஓட்டி, பிடித்த இடத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் துண்டு போட்டேன். அப்படியும் ஆடி மாதம் ஒரு துண்டைக் கடையும்போது உளி தடுக்கியது. நிறுத்திப் பார்த்தால் மரச்சுருளோடு சிவப்பாக ஒரு சுருள். செம்பு! செம்பைக் காந்தம் பிடிக்காது. அந்தத் துண்டை அறுத்த மிச்சக் கட்டையைத் தேடி எடுத்தேன். ஆணியின் மீதி அதில் இருந்தது. அதைச் சுற்றிக் கறுகறுவென்று ஒரு பிடி முடி, மரத்துக்குள்ளேயே அமுங்கிக் கிடந்தது.

உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

என் தங்கை தமிழினியின் மாமியார் பாவாயி அத்தைக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த வீடு. கல்யாணமான புதிதில் அவருக்குப் பேய் பிடித்ததாம். "ஊரான் ஊட்டுப் புள்ளைகளுக்கெல்லாம் இரும்பாணி. என்ற அப்பன் எனக்குச் செம்புல செஞ்சு அடிச்சாரு. அந்த மரத்துல செம்பாணி என்னுது ஒண்ணுதான்" என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெருமை அடிப்பார். பேய் ஓட்டியதில்கூட அந்தஸ்து! அப்பன் அம்மா போன பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. மரத்தை வெட்டியது அவருக்குத் தெரியாது.

தமிழினியின் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். மாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதிலிருந்து அவள் அவளாக இல்லை. தூங்கமாட்டாள், தலை வாரமாட்டாள், குழந்தை அழுதால் வேறு யாரோ அழுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் குழந்தையோடு தோட்டத்துக் கிணற்று மேட்டில் போய் நின்றிருக்கிறாள். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள்காரர் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். நான் சேலத்தில் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். "பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு வர்ற வியாதிதான், கண்டிப்பா சரியாகும். ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்றார் அவர். மாத்திரை போட்டதில் கொஞ்சம் தேறினாள். போனில் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். அதற்குள் பாவாயி அத்தை மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பால் கெட்டுப் போகுமாம். ஆடி அமாவாசைக்குப் பூசாரியிடம் கொண்டுபோய்ச் சாட்டையால் அடித்துப் பேயை இறக்குவதாக ஏற்பாடு. தமிழினியின் புருஷன் ஜெகதீஸ்வரன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு சத்தீஸ்கரில் கிடந்தான். போன் போட்டால், "அம்மா சொல்றாப்பல செய்யுங்க" என்பான். வேறு வார்த்தை அவனுக்குத் தெரியாது.

அந்தச் செம்பாணியைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அதே துண்டைப் பேனாவாக முடித்தேன். ஆணியின் வெட்டுமுகம் கறுத்த மரத்தின் நடுவில் சிவந்த பொட்டாக வந்தது. சொல்லக்கூடாது, நான் செய்த பேனாக்களிலேயே அழகு அதுதான். அதையும் முடியிருந்த கட்டையையும் பைக்குள் போட்டுக்கொண்டு, தமிழினியைக் கட்டிக்கொடுத்த திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தமிழினி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். குழந்தை உள்ளே தொட்டிலில் தூங்கியது.

"அத்தை, உங்க ஆணி எங்க இருக்குதுங்க?"

"ஏனம்மணி, எங்கூர் ரோட்டுப் புளியமரத்துல."

"அந்த மரத்த வெட்டி எத்தனையோ மாசம் ஆச்சுங்க. உங்க ஆணி என்ற பட்டறைலதான் கெடந்துச்சு. இதா பாருங்க."

பேனாவை அவர் மடியில் வைத்தேன். கட்டையைத் திருப்பி முடியைக் காட்டினேன். அவர் கையிலிருந்த கடலைக்காய் கீழே விழுந்தது.

"மரம் போயும் உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா? நல்லாத்தான இருக்கறீங்க? அப்ப உங்களைக் காப்பாத்துனது ஆணி இல்லீங்க அத்தை. தமிழுக்கும் அதொண்ணும் வேண்டாம். மாத்திரையக் குடுங்க, போதும்."

எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. இதற்கு மேல் என்ன சொல்லிவிடப் போகிறார்? கையும் களவுமாகப் பிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அத்தை அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்தார். தொடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மரத்த எப்ப அம்மணி வெட்டுனாங்க?"

"தை மாசத்துலீங்க."

"இவளுக்குக் கொழந்தை எப்பப் பொறந்துச்சு?"

ஐயோ, அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லையே!

"மாசில," என்று அவரே சொன்னார். "தைல வெட்டிப்போட்டாங்க. மாசில இவளப் புடிச்சுக்கிச்சு. கட்டி வெச்சது அவுந்து, என்ற ஊட்டைத் தேடிட்டு வந்திருக்குது. பச்சை ஒடம்புக்காரி, அவ மேல ஏறிக்கிச்சு." பேனாவை மடியிலிருந்து தட்டிவிட்டார். "நானே பூசாரி சொன்னதை அரைகொறையாத்தான் நம்புனேன். நீ கையோட சாட்சி கொண்டாந்துட்ட சாமி."

நான் கத்தினேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். எதுவும் ஏறவில்லை. அதைவிடக் கொடுமை, நிலைப்படியில் நின்ற தமிழினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அதுவரை அது வியாதி என்றுதான் அவள் நம்பியிருந்தாள். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அப்ப நெசமாவே என்ற மேல என்னமோ இருக்குதா?" என்றாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

அந்த வாரத்திலேயே அவர்கள் வாடகைக்குக் கார் பிடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். அத்தை மடியில் குழந்தை, பக்கத்தில் தமிழினி. மஞ்சள் பூசிக் குளிக்க வைத்து அழைத்து வந்திருந்தார்கள்.

"பூசாரி சொல்லிப்போட்டாரு," என்றார் அத்தை. "அதே மரத்துல மறுக்கா அடிக்கோணுமாம். புடுங்குன கைதான் அடிக்கோணுமாம். நீ அடிச்சுக் குடு மைதிலி, சாட்டைக்கு நான் அனுப்பமாட்டேன். மாத்திரையையும் என்ற கையாலயே நேரத்துக்குக் குடுக்கறேன். மலைமேல இருக்கற அர்த்தநாரி மேல ஆணை."

சொன்னதோடு நிற்கவில்லை. பிடுங்கி வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து என் மேசை மேல் வைத்தார். அந்தக் கிழவி பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஒரு பக்கம் சாட்டை, ஒரு பக்கம் மாத்திரை. செத்த கட்டையில் ஓர் ஆணி அடிப்பதால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது? இரண்டு இழை முடி போகும். போகட்டும், தங்கை பிழைத்தால் சரி என்று தலையாட்டினேன்.

பேனாவில் பதிக்க வைத்திருந்த செம்புக் கம்பியில் தடிமனானதாக ஒன்றை லேத்தில் மாட்டி முனை சீவினேன். நல்ல ஆணியாகவே வந்தது. அதே புளியின் மிச்சக் கட்டையைத் தரையில் போட்டு, துளை போடும் எந்திரத்தால் சின்னதாக ஒரு வழி எடுத்தேன். இல்லாவிட்டால் அந்த வைரத்தில் செம்பு வளைந்துவிடும்.

தமிழினி மண்டி போட்டுக் கட்டையில் தலையைச் சாய்த்தாள். சின்ன வயதில் நான் பின்னிவிட்ட முடி அது. எண்ணெய் வைத்துப் பிடித்து இழுத்துப் பின்னினாலும் 'வலிக்குதுக்கா' என்று சிணுங்குவாளே தவிர தலையை அசைக்கமாட்டாள். இப்போதும் அசைக்கவில்லை. உச்சியிலிருந்து ஒரு கற்றை எடுத்து ஆணியில் சுற்றித் துளையில் வைத்தேன். மயிரிழைப் பள்ளத்தில் கம்பி இறக்குகிறவள், சுத்தியலை எடுத்து மறுபடி கீழே வைத்தேன்.

"பயப்படாம அடிக்கா," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு. "நல்லா ஆழமா அடி. திரும்ப வரக்கூடாது."

அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் துள்ளியது. ஆணித்தலை மரத்தோடு மரமாகப் படிந்ததும் அத்தை கத்தரிக்கோலை நீட்டினார். முடியை அறுத்தேன்.

தமிழினி நிமிர்ந்தாள். அடேயப்பா, அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்! எத்தனை மாதம் கழித்து அது என் தமிழினியின் முகமாக இருந்தது. கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. கையை நீட்டிக் குழந்தையை வாங்கி நெற்றியில் முத்தம் வைத்தாள். பாவாயி அத்தை அழுதுவிட்டார். கடவுளே, இதற்குத்தானே இத்தனை பாடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை சொன்ன சொல் தவறவில்லை. மேசையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீரோடு அவளிடம் நீட்டினார்.

தமிழினி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இனி எதுக்குக்கா மாத்திரை? அதுதான் எறங்கிருச்சே."

என்ன சொல்வது? ஆணி வெறும் ஆணிதான் என்றால் அந்தச் சிரிப்பு போய்விடும். மாத்திரை வேண்டாம் என்றால் அவளே போய்விடுவாள். டாக்டரம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது.

"வேணும் தமிழு. மாத்திரைய உடக்கூடாது சாமி. எப்பவும் போடோணும்."

அவள் சிரிப்பு நின்றது. என் முகத்தையே தேடினாள்.

"அப்ப அது இன்னும் போகலையாக்கா?"

"அப்படியில்லடி..."

குழந்தையை அவள் அத்தையிடம் கொடுத்துவிட்டாள். மாத்திரையைக் கட்டைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். மறுபடி மண்டி போட்டு, அதே இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு அடிக்கா," என்றாள்.

பாவாயி அத்தை மேசையிலிருந்த மிச்சச் செம்புக் கம்பியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.