பன்னிரண்டடிப் பிரபஞ்சம்

1995 ஆடி மாதத்தில், துடியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் அறையில், கதவிலிருந்து விரிவுரையாளர் சுந்தரராஜுலுவின் மேசைக்குப் போக இருபது நிமிடம் பிடித்தது. இடையில் இருந்தது பன்னிரண்டடிதான். மேசை பழைய மேசைதான். இடைவெளிதான் நாளுக்கு நாள் வளர்ந்தது.

தப்பு முழுக்கத் தன்னுடையது என்று அவரே சொல்லித் திரிந்தார். மின்னூட்டம் ஏறிய துகள்களை வளையமாக நிறுத்தி, அவற்றைப் பிடித்திருக்கும் மின்வேலியைத் தளர்த்தினால் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ஆதியில் பிரபஞ்சம் விரிந்ததை அப்படி மேசைமேலேயே பார்க்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். அதற்கு வெளிநாட்டுக் கருவி எதற்கு, நம்ம ஊரில் ஆகாததா என்று மேடையில் வேறு முழங்கிவிட்டு, உக்கடத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டும் கலீல் ரஹ்மானிடம் வேலையைக் கொடுத்தார். தோட்டத்து லோ வோல்டேஜிலும் ஓடுகிற மாதிரி கட்டுவதுதான் கலீலுக்குக் கைப்பழக்கம். இதையும் அப்படியே கட்டினார். கல்லூரியிலோ ஸ்டெபிலைசர் இருந்ததால் முழு வோல்டேஜும் வந்தது. முதல்வர் சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டார். கலீல் கட்டிய காயில் நாலு ஆள் வேலையைச் செய்தது; துகள்களோடு அறையும் விரியத் தொடங்கியது.

சுந்தரராஜுலுவின் பேராசிரியர் பதவி இந்த ஒரு சோதனையில்தான் தொங்கியது. பார்த்து முடிவு சொல்ல மூவர் குழு வந்தது. நடந்தார்கள், நடுவில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள், சட்டை நனைய மேசையை அடைந்தார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் கதவுவரை திரும்ப நடந்தார். அளந்தார்கள். பன்னிரண்டடி.

"ஏனுங்க, காலு வலிக்குதுங்க, அதை ஒத்துக்கறேன்," என்றார் குழுத் தலைவர். "ஆனா கால்வலியை ரிப்போர்ட்டுல எழுத முடியுங்களா?"

விரிவு ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, வந்ததைவிட அதிக நேரம் நடந்து வெளியேறினார்கள்.

செய்தி கேட்டு வந்த கலீல் அறையை ஒரு பார்வை பார்த்தார். "டேப்பும் உள்ளதானுங்க சார் கெடந்துது? அதுஞ் சேந்து நீண்டுபோட்டுதுங்க."

"பிரபஞ்சத்தையே விரிச்சுப்போட்டேனுங்க பாய்," என்றார் சுந்தரராஜுலு. "டேப்பை எங்க வெக்கறதுன்னு மட்டும் யோசிக்காம உட்டுப்போட்டேன்."

இரண்டே வருஷத்தில் அறை ஒரு மணி நேர நடையானது. கல்லூரி பழகிக்கொண்டது; பாதி வழியில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். சுந்தரராஜுலு விரிவுரையாளராகவே இருந்தார். பன்னிரண்டடிக்குப் பயணப்படி கிடையாது என்று அலுவலகம் எழுத்தில் தெரிவித்த பிறகு, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, காற்றடித்து, மேசைக்குக் கிளம்பினார்.