காதுக்குள் ஒருத்தி

இறுதிப் போட்டியின் வர்ணனையிலிருந்து என்னை எடுத்துவிட்டு ஒரு சினிமா நகைச்சுவை நடிகரைப் போட்டுவிட்டார்கள். அவருடைய படம் அடுத்த வாரம் வெளிவருகிறதாம். விளையாட்டுச் சானலில் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கபடி பேசுகிறவள் நான். முதல் சுற்று என் தலையில், அரையிறுதி என் தலையில். இறுதிப் போட்டி என்று வந்தால் மட்டும் யாராவது ஒரு பழைய வீரர், இல்லாவிட்டால் ஒரு நடிகர். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்த ஒரு நாற்காலியில் ஒரே ஒரு முறை உட்கார வேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

கோபத்தில் லீவு போட்டுவிட்டு எங்கள் ஊர் நாகலூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா மருதாயி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். அப்பா கருப்பண்ணன் அங்கேயே வாட்ச்மேன். "எம்பொண்ணு சசிரேகா டிவில பேசறா" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்வார். ஆனால் நான் பேசுகிற ஆட்டத்தை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. ரெண்டு நிமிஷத்தில் செய்திக்கு மாற்றிவிடுவார். இறுதிப் போட்டி அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் சாயங்காலமே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், நடிகர் வருகிறாரே என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, மெல்வின் போனில் வந்தான். சானலின் தயாரிப்பாளர். என்னிடம் வேலை பழகி எனக்கே மேலாளராக ஆனவன்.

"மேடம், மானம் போகுது. அவருக்கு ரெய்டு எது, போனஸ் எது ஒண்ணும் தெரியல. ஜோக்கும் தீர்ந்துபோச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"அவர் காதுல இயர்போன் இருக்கு. நீங்க போன்ல சொல்லச் சொல்ல அவர் அப்படியே சொல்லிடுவாரு. யாருக்கும் தெரியக்கூடாது. இத மட்டும் செஞ்சு குடுங்க, அடுத்த வருஷம் ஃபைனல் உங்களுக்குத்தான்."

போனை வைத்திருக்கலாம். ஆனால் நல்ல ஆட்டம் ஒன்று கண்ணெதிரே நாசமாவதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வருஷம் என்ற சொல்லுக்கும் மனம் சபலப்பட்டது. ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, மெல்வின் அனுப்பிய நேரடிப் படத்தை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, சமையல்கட்டுக் கதவைச் சாத்தி மெதுவான குரலில் பேச ஆரம்பித்தேன்.

டிவிக்குப் படம் சில விநாடி தாமதமாகத்தான் வரும். அதனால் நான் இங்கே ஒன்று சொல்லி முடித்த பிறகு, அதே வார்த்தை நடிகரின் குரலில் அடுத்த அறையிலிருந்து வந்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவரும் மூச்சு வாங்கினார். பாடிப் போன ஒரு ரெய்டர் எதிரணியின் பிடியில் திமிறியபோது, "காப்பிச் செடியில சிக்குன சேலையாட்டம் மாட்டிக்கிட்டாரு, இழுத்தா கிழியும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏனுங்க, கேட்டீங்களா? இவருக்கு நம்ம தோட்டத்துப் பாடெல்லாம் தெரியுதுங்க."

கிழிந்த சேலையோடு அவள் வந்து நின்ற சாயங்காலங்களைப் பார்த்தவள் நான். அழுகை வந்தது. அழுதால் அதுவும் நடிகர் காதில் விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆட்டம் கடைசிவரை இழுத்தது. இரண்டு அணியும் சம புள்ளி, மிச்சம் ஒரே ஒரு ரெய்டு. அப்போது அப்பாவின் குரல் கேட்டது.

"இதுக்குத்தான் நொம்பப் பெரிய ஆளாப் பாத்துப் போடணுங்கறது. பைனலுன்னா சும்மாவா?"

அழைப்பைத் துண்டித்தேன். அடுத்த வருஷமும் அதோடு போயிற்று என்று தெரியும். போகட்டும் என்று கதவைத் திறந்துகொண்டு டிவி முன்னால் போய் நின்றேன்.

அங்கே அந்த ரெய்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. ரெய்டர் கோட்டைத் தாண்டினான். நடிகர், "ஆ... போறாரு... போறாருங்க..." என்றார். பிறகு அதுவும் நின்று, கூட்டத்தின் இரைச்சல் மட்டும் வந்தது.

"என்ன பேச்சையே காணோம்?" என்று அப்பா ரிமோட்டைத் தேடினார்.

நான் பேசினேன். அடக்கி வைத்திருந்த குரலை முழுசாகத் திறந்து பேசினேன். இடது மூலையில் நிற்கிறவன் கணுக்காலுக்குக் குறி வைத்திருப்பதை, ரெய்டர் அதைக் கவனிக்காமல் போனஸ் கோட்டைப் பார்ப்பதை, கால் நீள்வதை, கை பாய்வதை, நடுக்கோட்டுக்கு அரை அடி இருக்கும்போது ரெய்டர் அமுங்கிப் போனதை, கோப்பை எந்தப் பக்கம் போகிறது என்பதை. அப்பா ரிமோட் தேடுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இறுதிப் போட்டியை நான் சொல்லி முடித்தேன். கேட்டது இரண்டு பேர்.

சமையல்கட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள் முகமெல்லாம் பெருமை.

"அப்படியே அந்த நடிகராட்டமே பேசற கண்ணு."

"ஆமா சாமி," என்றார் அப்பா. "இன்னுங் கொஞ்சம் பழகுனீன்னா உன்னையும் ஒரு நாளைக்கு பைனலுக்குக் கூப்புடுவாங்க."