மாயாவின் ஜெர்மனி பேனர்

ஜெர்மனிப் பல்கலைக்கழகம் ஒன்று மாயாவை ஆன்லைன் நேர்காணலுக்குத்தான் அழைத்திருந்தது. அதற்குள் வியாசர்பாடித் தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. கட்டியவர் அவள் சித்தப்பா சின்னப்பையன். துறைமுகத்தில் லோடு ஏற்றும் அவருக்குத் தெரிந்தவரை, மேஸ்திரி ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாரென்றால் வேலை உறுதி. 'ஜெர்மனிக்கு ஆராய்ச்சி செய்யப் போகும் எங்கள் வீட்டு விஞ்ஞானி மாயா' என்று நீலப் பின்னணியில், அவளுடைய ஹால் டிக்கெட் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்.

மாயா எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலை ஆராய்ந்து எம்.எஸ்ஸி. முடித்தவள். ஜெர்மனியில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளம் வாங்கும் வேலை. விளம்பரத்தைத் தேடிப் பிடித்து, பேராசிரியர்களுக்கு நாமே எழுத வேண்டும். பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள். அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு என்று அவளுடைய கைடு சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் இன்னும் பத்துப் பேருக்கு எழுதினாள். அதில் ஒருவர்தான் அழைத்தார்.

நேர்காணலன்று அவர்கள் மாடியில் எந்த வீட்டிலும் மிக்ஸி ஓடவில்லை, டிவி கத்தவில்லை. மாயா நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அடுத்த வாரம், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், மன்னிக்கவும் என்று மெயில் வந்தது. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னிடம் என்ன குறை என்று திருப்பிக் கேட்டு எழுதினாள். உலோகம் அளக்கும் கருவியில் தேர்வான ஆளுக்குப் பழக்கம் அதிகம் என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? குழாயடியில் கேட்கிற கேள்விகளுக்குப் பயந்து அம்மா ரமாபாய் தண்ணீர் பிடிக்கவே போகவில்லை. பேனரைக் கழற்றிவிடச் சொல்லி மகளிடம் கெஞ்சினாள். மளிகைக்கடை ராசையா அண்ணாச்சியும், கடை போர்டு மறைகிறது என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப்பையன் ஸ்டூலும் கத்தியுமாக வந்துவிட்டார். அண்ணன் மகளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"என்னாலதான் ஒன் பேரு கலீஜா பூடுச்சு கண்ணு. அறுத்துட்றேன்."

அப்போதுதான் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு இறங்கி வந்திருந்த மாயா, ஸ்டூலைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சித்தப்பா மேல் அல்ல, அவர் தலை குனிந்திருந்ததன் மேல்.

"எதுக்கு அறுக்குற? அதுல இன்னா பொய் கீது?"

"அவுங்கதான் வேணான்னுட்டாங்களே."

"ஒருத்தர் வேணான்னார். அங்க இன்னும் எத்தினி யூனிவர்சிட்டி கீது தெரியுமா? நீ பேனர்ல தேதி போட்டுகீறியா?"

சின்னப்பையன் அண்ணாந்து பேனரை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தேதி இல்லை.

"அப்ப அது எப்டி பொய்யாவும்? அண்ணாச்சி போர்டு மறைக்குதாம். இன்னும் நாலடி மேல தூக்கிக் கட்டு."

சின்னப்பையன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணி கேட்க அண்ணாச்சி கடைக்குப் போனார்.