ஏகாதசி நாள் விசாரணை

என் அப்பா வெள்ளைச்சாமிக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். அரசாங்க முத்திரையோடு எழுதியிருக்கிறது. அப்படியென்றால் இருபத்து நான்கு வருஷம் அவருக்கு ஆக்கிப் போட்ட என் அம்மா வேலம்மாள் யார்? வெ. தேவதர்ஷினி என்று பட்டம் வாங்கிய நான் யார்?

அப்பா இறந்த மூன்றாம் மாதம், ஜீயபுரம் வாழைத்தோட்டத்துக்குத் தான் மட்டுமே வாரிசு என்று சித்தப்பா சான்றிதழ் வாங்கிவிட்டார். அதற்கு அறிக்கை எழுதியவர் வருவாய் ஆய்வாளர் சரவணன். 'ஊருக்கு நேரில் சென்று அக்கம்பக்கம் விசாரித்தேன். இறந்தவர் மணமாகாதவர்.' கீழே தேதி, கையெழுத்து.

அந்தத் தேதி வைகுண்ட ஏகாதசி. மாவட்டத்துக்கே விடுமுறை. ஸ்ரீரங்கம் கூட்டத்தைச் சமாளிக்க ஆபீஸ் ஆட்களுக்கும் டியூட்டி போடுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டேன். இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். விடியற்காலை மூன்று மணியிலிருந்து மாலை ஆறு வரை சரவணன் கோயில் வரிசையில். அதற்கு ஈடாக ஒரு நாள் லீவும் எடுத்திருக்கிறார். அந்த லீவை விட்டிருந்தால், டியூட்டிக்கே போகவில்லை என்றாவது சாதித்திருப்பார்.

சரவணன் மேல் போலீசில் புகார் கொடுத்தேன். மறு வாரமே தாசில்தார் ஆனந்தவள்ளி என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேஜையில் புதுச் சான்றிதழ். அம்மா பெயர், என் பெயர். பக்கத்தில் ஒரு கடிதம். 'கவனக்குறைவால் நேர்ந்த தவறு. புகாரை வாபஸ் பெறுகிறோம்.'

"இதுல கையெழுத்துப் போடுங்க, அதை எடுத்துட்டுப் போங்க."

"போடலைன்னா?"

"அப்பீல், கோர்ட்டுன்னு ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

சரவணன் சுவரோரம் நின்றார். "வேலைப்பளும்மா. நான் புள்ளகுட்டிக்காரன்."

"எங்கப்பாவும் புள்ளகுட்டிக்காரர்தான் சார். நீங்கதான் இல்லைன்னு எழுதிட்டீங்க."

தாசில்தார் பேனாவைத் தட்டினார். "அரசு ஊழியர் மேல கேஸ் நடத்த மேலிடத்து அனுமதி வேணும். லேசுல கிடைக்காது."

"வேலையைச் செஞ்சதுக்குன்னா அனுமதி கேளுங்க மேடம். போகாத ஊருக்குப் போனேன்னு எழுதுறதும் இவர் வேலையா?"

அம்மா கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் குலை முற்றி நிற்கிறது. இந்த மாதமே சித்தப்பா வெட்டிவிடுவார். அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தால் தடுத்திருக்கவும் மாட்டேன்.

அவள் நிமிர்ந்து சரவணனைப் பார்த்தாள்.

"ஏகாதசி இல்லாட்டி வேற நாள் வந்திருப்பீங்க தம்பி. யாரு வீட்ல விசாரிச்சீங்க? பேரை மட்டும் சொல்லுங்க."

அம்மா அவரை விடவில்லை.

"எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு யாரு சொன்னாங்கன்னு தெரியணும். ஒவ்வொரு வாசலாப் பாத்துக்கிட்டே நடக்குறேன். இவங்களா, அவங்களான்னு. பக்கத்து வீட்டு லூர்துராணிகிட்ட பேச்சையே நிறுத்திட்டேன். அது என்னைப் பாத்தா அழுவுது."

"யாரையும் விசாரிக்கலைம்மா," என்றார் சரவணன் தரையைப் பார்த்து. "உங்க கொழுந்தனார் சொன்னதை அப்படியே எழுதிட்டேன்."

அம்மா கடிதத்தைத் தாசில்தார் பக்கம் தள்ளினாள். "அப்ப இது கவனக்குறைவு இல்லைங்க." சான்றிதழைத் தொடவில்லை. எழுந்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் நேராக லூர்துராணி அக்கா வீட்டுக்குள் போனாள். நான் ஸ்டேஷனுக்குப் போய், புகாரோடு இன்னொரு தாள் சேர்த்துக் கொடுத்தேன். சரவணன் சொன்னது, அவர் வார்த்தையிலேயே. கீழே, சாட்சி: ஆனந்தவள்ளி, தாசில்தார்.