முப்பத்து மூன்று மாத்திரைகள்

பாத்திமுத்துவின் வலது முட்டியை மெட்ராசில் மாற்றி வைத்து இருபத்தாறு நாளாயிற்று. தேய்ந்த மூட்டை அறுத்தெடுத்துவிட்டு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்தியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையோடு பின்னுக்கு இழுத்தால், குதிகால் நாற்காலிக் காலைத் தொட வேண்டும். திங்கட்கிழமை வந்து காட்டும்போது தொடாவிட்டால், மயக்க மருந்து கொடுத்து அவரே மடக்கிவிடுவார்.

இன்று வியாழன். குதிகாலுக்கும் நாற்காலிக் காலுக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருந்தது.

வில்லியனூரில் அவர்கள் வீட்டு முன்னறைதான் கணவர் ஜலாலுதீனின் மளிகைக் கடை. காலை மடக்கும்போது பாத்திமுத்து போடும் சத்தம் நேராகக் கடைக்குப் போகும். பருப்பு வாங்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, எதற்கு இந்தக் கொடுமை, பேசாமல் படுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஜலாலுதீன் எழுந்து வந்து கதவைச் சாத்துவார். வீட்டுக்கு வந்த பன்னிரண்டு நாளாகப் பாத்திமுத்து தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் இவளைவிட மூத்தவள், முனகாமல் மடக்கினாள். மூன்று பிள்ளை பெற்ற உடம்புக்கு இந்தத் தெம்புகூட இல்லையா?

மருமகள் சபுரா துணி அலசிக்கொண்டிருந்தாள். மத்தியான மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று பாத்திமுத்து வாக்கரைப் பிடித்து அலமாரிவரை நகர்ந்தாள். வலி மாத்திரை அட்டைகள் தடிமனாக இருந்தன. எண்ணினாள். கொடுத்தது நாற்பத்தைந்து, ஒரு நாளைக்கு மூன்று. ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று இருந்தன. பக்கத்திலிருந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரை டப்பா முக்கால்வாசி காலி. அதுவும் வெள்ளை, அதே அளவு.

சபுரா வந்ததும் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

"மாமாதான் சொன்னாங்க மாமி. காலைல மட்டும் வலி மாத்திரை, மத்த ரெண்டு வேளைக்கும் இதைக் குடுன்னாங்க."

ஜலாலுதீனின் அண்ணன் அப்துல் சமது வலி மாத்திரையாக விழுங்கி, ரத்த வாந்தி எடுத்து இறந்தவர். அந்தப் பயம் பாத்திமுத்துவுக்கும் தெரியும். ஆனால் பயந்தவர் டாக்டரைக் கேட்டிருக்கலாம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏமாற்றி எதையோ விழுங்க வைத்துவிட்டு, அவள் அலறியபோது கதவையல்லவா சாத்தினார்?

அவள் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். நிஜ மாத்திரையைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். பிறகு ஆள் அனுப்பிக் கணவரைக் கூப்பிட்டாள்.

"இன்னா புள்ள, கடைல ஆள் நிக்குது."

"நிக்கட்டும். கீழ உக்காந்து கணுக்காலைப் பிடிங்க. கதவு தொறந்தே இருக்கட்டும்."

அவர் அவள் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். அண்ணனைப் பற்றி ஏதோ தொடங்கினார், முடிக்காமல் கீழே உட்கார்ந்தார்.

பாத்திமுத்து பாதத்தை இழுத்தாள். வலி வந்தது. ஆனால் பல்லைக் கடித்தால் தாங்குகிற வலி. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. பன்னிரண்டு நாளும் இவ்வளவோடு போயிருக்க வேண்டியது.

"போதும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"போதும்னு சொல்ல இது உங்க முட்டியா? தள்ளுங்க."

தள்ளினார். அவள் வாய்விட்டுக் கத்தினாள். கடைப் பக்கம் பேச்சு நின்றது. அவர் பிடியை விடவில்லை. ஒரு சாண் அரைச் சாணாகியிருந்தது.

"ராத்திரி வரைக்கும் இன்னும் ரெண்டு தடவை" என்றாள். "நீங்கதான் பிடிக்கணும்."

சாயங்காலம் கடையில் கூட்டமாக இருக்குமே என்றார் அவர்.

"இருக்கட்டும்" என்று பாத்திமுத்து மறுபடி பாதத்தை இழுத்தாள்.