டிரைவர் சைடு மட்டும்

எங்கள் ஊரில் ஒரு வண்டியின் அகலத்தைக் கூட்டினால், அந்த வண்டி போகிற ரோடும் அதே அளவு அகலமாகும். ரோடு அகலமாகும்போது ஓரத்தில் இருப்பவை ஒதுங்கிக்கொள்ளும். வீடானால் சுவர் உள்ளே நகரும். யாருக்கும் அடிபடாது, ஓடு ஒன்றுகூட விழாது. சமைத்துக்கொண்டிருந்தால் சமையலும் கெடாது. இடம் மட்டும் குறையும்.

எங்கள் வீடு மலை ரோட்டின் நான்காவது வளைவில், பள்ளத்துப் பக்கம் இருக்கிறது. பின்னால் நகர வழியில்லை, பின்னால் வெறும் காற்றுதான். அந்தக் காற்று அடுப்பை அணைத்துவிடும் என்பதால் அடுப்படியை ரோட்டுப் பக்கமாக வைத்துக் கட்டினோம். கட்டியபோது அதன் அகலம் மூன்றடி இரண்டு அங்குலம். போன ஆடியில் எஸ்டேட்காரர் ஒருவர் தன் வண்டிக்கு இரண்டு அங்குலம் கூட்டினார். இப்போது சரியாக மூன்றடி. சுவரில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டால் முழங்காலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு கை நுழையும். எனக்கு அது போதும். நான் உட்கார்ந்து சமைக்கிறவள். நின்றுகொண்டு சமைத்த சோறு எனக்குச் செரிக்காது, அவ்வளவுதான், அதற்குமேல் என்னிடம் காரணம் கேட்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் சன்னாசி வீட்டை ஒட்டியே பட்டறை வைத்திருக்கிறார். ஜீப்புகளுக்குப் பிளேர் பொருத்துவது அவர் வேலை. பெரிய டயர் போட்டால் அது மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தும், சேற்றை வாரி அடிக்கும். அதை மறைக்க மட்கார்டு விளிம்பில் வைத்துப் போல்ட் முடுக்குகிற கறுப்புப் பட்டைதான் பிளேர். டயர் எவ்வளவு துருத்தினாலும் ரோடு அதைக் கண்டுகொள்ளாது. பிளேர் ஏறி, கடைசி நட்டும் இறுகினால்தான் அகலம். போன ஆடியில் போன இரண்டு அங்குலமும் என் வீட்டுக்காரர் கையால் போனதுதான். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நான்காம் நாள் உப்பு எங்கே என்று கேட்டார், சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

இந்த வருஷம் தவமணி வந்தான். இவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவன். கீழே டவுனில் ஒரு பழைய ஜீப்பை விலை பேசி முடித்துவிட்டு, நேராக என் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீங்க. டயரு பக்கத்துக்கு ஆறு அங்குலம் வெளிய நிக்குது. பிளேர் போடாம ஏத்துனா மலையோரமா நடந்து போற பொம்பளையாளுக மேல பூரா சேறு அடிக்கும். என்னைய வைவாங்க."

"ஆறு அங்குலம் போனா நான் எங்கப்பா உக்காருறது?"

அவன் என்னைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். "ஒருக்களிச்சு நிக்கலாமே மதினி" என்றான். நல்ல பிள்ளைதான், வாய்தான் இப்படி.

நான் ரெண்டு நாள் யோசித்தேன். அரிசி களையும்போது யோசித்தேன், துணி அலசும்போது யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் பட்டறையில் போய் நின்று, "டிரைவர் சைடு மட்டும் போடுங்க" என்றேன்.

பட்டறையில் வலது இடது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டிக்கு எதிரே நிற்பவனுக்கு வலது, இடதாகிவிடும். அதனால் டிரைவர் சைடு, கிளீனர் சைடு. கிளீனரே இல்லாத வண்டிக்கும் கிளீனர் சைடு உண்டு. மேலே ஏறுகிற வண்டிக்கு எங்கள் வீடு கிளீனர் சைடு. டிரைவர் சைடில் மலைதான், அங்கே யார் வீடும் இல்லை.

இவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "ஏறும்போது சரி. எறங்கும்போது நம்ம வீடுல்ல டிரைவர் சைடுல வருது?"

"எறங்கும்போது ரிவர்ஸ்ல எறங்கட்டும்."

"பதினாலு வளைவையுமா?" என்றான் தவமணி.

"கழுத்து வலிச்சா தைலம் தாரேன்" என்றேன்.

கிளீனர் சைடில் அடிக்கிற சேறு என் சுவரில் விழும். விழட்டும், நான் கழுவிக்கொள்கிறேன். பிளேர் போடுவதற்குப் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு படிவம் இருக்கிறது. கிளார்க்கு என் மாமனார் பேரை மட்டும் கேட்டுவிட்டு எழுதினார்: பிளேர் ஆறு அங்குலம், டிரைவர் சைடு மட்டும், ஏற்றம் முன்பக்கமாக, இறக்கம் பின்பக்கமாக. நாங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். சீல் விழுந்தது. சீல் விழுந்ததை மாற்றுவதென்றால் புதுப் படிவம் வேண்டும், அது தை மாதம்தான் வரும்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, பிளேரை வைத்துப் பிடித்து, துளை போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறிக்கிற சத்தமெல்லாம் கேட்டது. பென்சிலுக்கு என்ன சத்தம் என்று கேட்கலாம். பத்து வருஷமாகக் கேட்கிறவளுக்குக் கேட்கும். அது தப்பான பக்கத்திலிருந்து கேட்டது.

எழுந்து போனேன். பிளேர் வீட்டுப் பக்கம் இருந்தது.

"ஏங்க, அந்தப் பக்கம் வைக்கிறீங்க?"

"டிரைவர் சைடுதான பவளம்" என்றார் நிமிராமல்.

எட்டிப் பார்த்தேன். பழைய காலத்து ஜீப். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது.

தவமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்கயில எனக்குத் தோணல மதினி" என்றான். அவன் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினான். டிரைவர் சைடு மட்டும் என்று அதில் தெளிவாகத்தான் இருந்தது. கீழே என் கையெழுத்தும் இருந்தது.

எந்தச் சண்டைக்கும் அழாத எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயக் கை என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"மாத்திப் போடுங்க" என்றேன்.

"எழுதுனது எழுதுனதுதான். டிரைவர் சைடுன்னு எழுதிட்டு அந்தப் பக்கம் போட்டா நட்டு இறுகாது" என்றார். அது உண்மை. இவர் பொய் சொல்லுகிற ஆளில்லை, அதுதான் இவரோடு பெரிய தொந்தரவு. டிரில்லைக் கையில் எடுத்துவிட்டார்.

"இருங்க. டிரைவர் சைடுன்னா எது?"

"டிரைவர் உக்கார்ற பக்கம்."

"ஸ்டியரிங் இருக்கிற பக்கம்னு இல்லையே?"

அவர் டிரில்லைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் மட்கார்டைத் தடவினார். "அப்படி யாரும் சொல்லல" என்றார்.

"தவமணி, நீ வந்து இந்தப் பக்கம் உக்காரு."

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். "ஸ்டியரிங்க யாரு மதினி பிடிக்கிறது?"

"கிளீனர் பிடிப்பான். தொடைக்கிறவன் பிடிக்க மாட்டானா?"

"எங்கிட்ட கிளீனர் யாரும் இல்லையே."

"நாந்தான்."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கிளீனருக்கு ஓட்டத் தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லை, லைசென்சும் கேட்க மாட்டார்கள். இவர் பிளேரை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனார். புதிதாகக் குறித்தார், துளை போட்டார், துளையின் ஓரம் துருப்பிடிக்காமல் இருக்கப் பெயின்ட் தொட்டு வைத்தார். மட்கார்டுக்கும் பிளேருக்கும் நடுவில் ரப்பர் பட்டையைக் கொடுத்து, எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் முடுக்கி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பேனரால் இறுக்கினார். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. ஒரு நட்டும் முரண்டு பண்ணவில்லை.

மறுநாள் காலை அடிவாரத்தில் ஒன்பது பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தவமணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "கிளச்சு மதினி, இப்பப் பிரேக்கு, இப்ப ஸ்டியரிங்க ஒடிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். டிரைவர் சொல்வதைக் கிளீனர் கேட்க வேண்டும், நான் கேட்டேன். பின்னால் பெண்கள் களையெடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். செக்போஸ்ட்டில் தவமணியின் லைசென்சை வாங்கிப் பார்த்தார்கள். என்னிடம் கண்ணாடியைத் துடைத்தாயா என்று மட்டும் கேட்டார்கள். துடைத்தேன் என்றேன்.

வலது பக்கம் மலை ஒதுங்கிக்கொண்டே வந்தது. உண்ணிச்செடிகள் பின்னால் தள்ளி நின்றன. எட்டாவது வளைவில் ஒரு பெரிய பாறை வயிற்றை எக்கிக்கொண்டது. தோட்டத்து வாசலுக்கு மலையோரமாக நடந்து வந்திருந்த பெண்கள் சேலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சேறு இல்லை என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

சாயங்காலம் ரிவர்ஸில் இறங்கினோம். தவமணி தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துச் சொன்னான், நான் முன்னால் பார்த்துத் திருப்பினேன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். கிளீனர் அதைச் செய்யலாம்.

உள்ளே வந்து டேப்பை எடுத்து அடுப்படியை அளந்தேன். மூன்றடி. இன்னொரு தடவை அளந்தேன். மூன்றடியேதான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கையில் டேப்பைக் கொடுத்து அவரையும் அளக்கச் சொன்னேன். பிறகு சுவரில் சாய்ந்து, நன்றாகக் காலை மடக்கி உட்கார்ந்து, புளிக்குழம்பு கூட்டி வைத்தேன்.

குழம்பு கொதி வருகிற நேரம் வாசலில் யாரோ செருமினார்கள். போய்ப் பார்த்தேன். காலையில் ரோட்டுக்கு விட்டுக்கொடுத்த ஆறு அங்குல மலை நின்றுகொண்டிருந்தது. பதினாலு வளைவும் சேர்த்துத் தன்னைப் பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தது. தலையில் உண்ணிச்செடி. அடியில் ஊற்றுத் தண்ணீர் சொட்டி வாசல் நனைந்திருந்தது.

"பின்னாடி நகந்து பாத்தேன்" என்றது. "எல்லைக்கல் வந்துருச்சு. அதுக்கு மேல எஸ்டேட்காரங்க விட மாட்டேன்னுட்டாங்க."

அது என்னைப் பார்க்கவில்லை, நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தது. "இங்க கொஞ்சம் இடம் இருக்குமா?" என்றது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உள்ள வாங்க" என்று வந்தது.

இவர் டேப்போடு வந்து அளந்தார். "ஆறுதான்" என்றார். அகலத்தைத்தான் அளந்தார், நீளத்தைப் பற்றி நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்படியில் நான் முதுகு சாய்க்கிற சுவரோடு அது ஒட்டி நின்றுகொண்டது. செடி அடுப்பில் படாமல் தலையைக் குனிந்துகொண்டது.

நான் இன்னொரு ஆழாக்கு அரிசி களைந்து போட்டேன். ஒருக்களித்து நின்று, மூன்று பேருக்குச் சோறு வடித்தேன்.