குளவி வேஷம்

செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் எங்கள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே நான் பேரம் படித்தவன். வந்தவர் விலை படியாமல் கடைப்படி இறங்கினால், பத்து எண்ணுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும். நாம் வாங்கப் போன இடத்தில் படியிறங்கினால், பதினொன்று எண்ணும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு எண் வித்தியாசத்தில்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சோறு தின்றது.

கடை தம்பிக்குப் போயிற்று. நான் சனத்நகர் தாண்டி இருந்த ஒரு மத்திய சர்க்கார் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் சேர்ந்தேன். இயந்திரங்களை அடைத்து அனுப்பும் பெட்டிகளுக்குப் பலகை வாங்குவது என் வேலை. மரக்கடைக்காரர்கள் என்னைக் கண்டால் "ஆயியே சாரங்கபாணி சாப்" என்று டீக்குச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு தடவை அழுதுவிட்டு வருவார்கள் என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. பொய்யில்லை.

1973. எனக்கும் கல்பகத்துக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. கல்பகம் காஞ்சிபுரத்துக்காரி. ராமேஸ்வரம் போனோம், யாதகிரிகுட்டா போனோம், ஒரு தர்காவில் சாதர் துணி போர்த்தினோம், வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி அனுப்பினோம். மும்மதத்துக்கும் டெண்டர் விட்டும் ஒரு கொட்டேஷன்கூட வரவில்லை என்று நான் ஆபீஸில் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டில் அதைச் சொல்வதில்லை.

மல்காஜ்கிரியில் எங்கள் வாடகை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி லூர்துமேரி இருந்தாள். மாரெட்பள்ளிப் பக்கம் ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். ஆகஸ்டில் ஒரு நாள் அவள்தான் வந்து சொன்னாள். பெண் குழந்தை. பெற்றவள் இரண்டாம் நாளே போய்விட்டாள். தகப்பன் லாரி டிரைவர், மேலே இரண்டு பையன்கள். நல்ல இடமாக இருந்தால் கொடுத்துவிடுகிறேன் என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். பத்தொன்பது நாள் குழந்தை. கறுப்பாக, தலை நிறைய முடியோடு, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தது போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. கல்பகம் யாரையும் கேட்கவில்லை. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் கட்டில் ஓரமாக நின்று, எடை என்ன, பால் ஒழுங்காகக் குடிக்கிறதா, தகப்பன் குடிப்பானா என்று விசாரித்தேன்.

"சார், இது பலகை இல்ல, முடிச்சு இருக்கா வெடிப்பு இருக்கான்னு பாக்கறதுக்கு" என்றாள் லூர்துமேரி.

தகப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவான். வேறொன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வந்து எடுத்துப் போங்கள் என்று முடிவாயிற்று.

கல்பகம் அன்று மாலையே என் பழைய வேட்டிகளைக் கிழித்துக் குழந்தைத் துணி தைக்க ஆரம்பித்துவிட்டாள். பழையது என்று நான் நினைக்காத இரண்டு வேட்டிகளும் அதில் போயின.

புதன்கிழமை காலை பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, ஓடியாங்க! சத்தம் போடாம வாங்க."

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு கிழட்டு மாமரம். முந்தின வருஷக் காற்றில் பெரிய கிளை ஒன்று முறிந்து, முறிந்த இடம் உளுத்துப் பொந்தாகி, மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தப் பொந்தின் எதிரே மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட ஏழெட்டுப் பூச்சிகள், நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, அந்தரத்தில் அசையாமல் நின்றன. திடீரென்று ஒன்று ஒரு முழம் விலகும். மறுபடி அந்தரத்தில் நிற்கும். ஒன்று பொந்துக்குள் போயிற்று.

"குளவிங்க" என்றாள் கல்பகம். கண் நிறைந்திருந்தது. "நம்ம வீட்டுக்குக் குளவி வந்திருக்குங்க."

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. பதினோரு வருஷமாக அவள் ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் உத்தரத்தைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். பல்லி உண்டு, சிலந்தி உண்டு. குளவி மட்டும் வந்ததில்லை.

"பாத்தீங்களா நம்ம பொண்ணோட ராசிய? இன்னும் வீட்டுல காலே வைக்கல. அதுக்குள்ள தம்பிக்கு வழி பண்ணிட்டா."

வியாழக்கிழமை சாயந்திரம் ஜகதீசன் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். எங்கள் தொழிற்சாலையில் மரத்தைப் பரிசோதிக்கிறவன். டேராடூனில் அதற்கென்றே படித்தவன். நான் வாங்கும் பலகையை நிராகரிப்பதுதான் அவன் உத்தியோகம் என்பதால் நாங்கள் நெருங்கிய சிநேகிதர்கள். பின்கட்டுக்குக் கைகழுவப் போனவன் மரத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"குளவி" என்றேன் பெருமையாக.

"யோவ், இதுவா குளவி? ஈ! ரெண்டு றெக்கைதான் இருக்கு பார். குளவின்னா நாலு."

ஒரு குச்சியை ஒடித்துப் பொந்துக்குள் விட்டுக் கிளறினான். கஷாயம் மாதிரி ஊறிக் கிடந்த மரச்சேற்றோடு, அழுக்கு வெள்ளையில் ஒரு புழு குச்சியில் வந்தது. அதற்கு எலிவால் போல் நீளமாக ஒன்று.

"வால் இல்லய்யா, மூச்சுக்குழாய். சேத்துக்குள்ள முங்கிக்கிட்டு இத மட்டும் மேல நீட்டி மூச்சு விடும். உளுத்த மரத்துலதான் பொறப்பு, வளர்ப்பு எல்லாம். பெருசானதும் குளவி வேஷம் போட்டுக்கிட்டு வெளிய வருது. கொடுக்கு கிடையாது, விஷம் கிடையாது. ஆனா குருவி கிட்ட வராது. லத்தி இல்லாத போலீஸ்காரன்."

"கூடு கட்டுமா?"

"எதை வெச்சுக் கட்டும்? மண்ணையே தொடாது."

புழுவைப் பத்திரமாகத் திரும்பப் பொந்தில் விட்டுவிட்டு, காபி குடித்து, கிளை என்றைக்காவது விழும் என்று எச்சரித்துவிட்டுப் போனான்.

எனக்கு அந்த ஈயின்மேல் மரியாதையே வந்துவிட்டது. இரண்டாம் தரத் துணியில் முதல்தர முத்திரை குத்தி விற்ற குடும்பத்தில் பிறந்தவனுக்கு வராமல் என்ன செய்யும்? அந்த மரத்தடியில் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனையும் வந்தது.

டிரைவரின் நிபந்தனை நான்கு நாளாக என்னைக் குத்திக்கொண்டிருந்தது. வருஷம் ஒரு தடவை காக்கிச் சட்டையோடு ஒருவன் வாசலில் வந்து நிற்பான். குழந்தை அவனைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். பங்கு வைத்த சரக்கு எனக்கு வேண்டாம். முழுசாக வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படியிறங்க வேண்டும். 'எங்கள் வீட்டில் குளவி வந்திருக்கிறது, எங்களுக்கே பிறக்கலாம், ஒரு மாதம் பார்க்கிறோம்' என்று சொன்னால், கைக்குழந்தையோடு லாரி ஓட்ட முடியாதவன் எத்தனை நாள் தாங்குவான்? நிபந்தனையை விட்டுவிட்டு அவனே கூப்பிடுவான்.

கல்பகத்திடம் இதைச் சொல்லக் கூடாது. அவள் முகம் அப்படியே விலையைக் காட்டிவிடும்.

உள்ளே போனேன். அடுப்பங்கரையில் எனக்கு முதுகைக் காட்டியபடி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சிநேகிதரு என்ன சொன்னாரு?"

"மரம் உளுத்திருக்காம். கிளை விழும்னான்."

"வேற?"

"வேற என்ன?"

தோசையைத் திருப்பினாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"அதான் யோசிக்கிறேன். குளவி வந்திருக்குன்னு நீயே சொல்றே. நமக்குன்னு ஒண்ணு பொறக்கும்னா, அவசரப்படுவானேன்? ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம். குழந்தை எங்க ஓடிடப் போவுது?"

தோசை கருகும் வாசனை வந்தது. கல்பகம் தோசையைக் கருகவிட்டு நான் பார்த்ததில்லை.

"சரி" என்றாள்.

லூர்துமேரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குளவியா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஒரு வாரம். எட்டு நாள். ஒன்பது நாள். பத்தாம் நாள் காலை பஸ் நிறுத்தத்தில் லூர்துமேரி என்னிடம் வந்தாள்.

"குழந்தையக் குடுத்தாச்சு சார். வரங்கல் பக்கம் ஒரு வாத்தியார் வீடு. வருஷம் ஒரு தடவ வந்து பாப்பேன்னு இவன் சொன்னதுக்கு, மாசம் ஒரு தடவ வாங்க, சாப்டுட்டுப் போங்கன்னு சொன்னாங்களாம். அழுதுட்டான்."

பஸ் வந்தது. ஏறினேன். அன்றைக்கு ஒரு மரக்கடைக்காரர் சொன்ன முதல் விலைக்கே கையெழுத்துப் போட்டேன். பாவம், அவர் பயந்துபோய்ப் பலகையில் ஏதாவது கோளாறா என்று என்னையே கேட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். கல்பகமும் எதுவும் கேட்கவில்லை. தைத்த துணிகளை மடித்து ஒரு கூடையில் வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் மரத்தடிக்குப் போய் நிற்பாள். மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், அவள் பொந்துக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தேன். குளவிக்கு எதற்குத் தண்ணீர் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த மாதமும் வழக்கம்போல மூன்று நாள் தனியாகப் பாய் போட்டுக்கொண்டாள்.

மாதம் முடிந்த நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மாசம் ஆயிடுச்சுங்க. வாங்க, போயி அவளக் கூட்டிட்டு வந்துடலாம்."

கடையில் ஆயிரம் பொய் சொன்ன வாய். அன்று உண்மையைச் சொல்லிற்று.

"குடுத்துட்டாங்க கல்பகம்."

"எப்ப?"

"இருபது நாள் ஆச்சு."

அவள் அழவில்லை. கூடையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"அது ஈதானுங்களே" என்றாள்.

நான் விழித்தேன்.

"ஜகதீசன் சொன்னப்ப நான் சமையல்கட்டு ஜன்னல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. நீங்க உள்ள வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். குளவியும் இல்ல ஒண்ணும் இல்ல, நாளைக்குப் போயி நம்ம பொண்ணக் கூட்டியாறலாம்னு சொல்லுவீங்கன்னு. நீங்க குளவி வந்திருக்கு, பொறுத்துப் பாக்கலாம்னீங்க."

"கல்பகம்..."

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நீங்க அவளத் தொடக்கூட இல்ல. சரி, இவருக்கு மனசில்ல, சொல்லத் தெரியாம ஈயப் பிடிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேன். வேண்டாத எடத்துக்குக் கொழந்தைய எப்படிக் கொண்டாறது? ஒரு மாசத்துல மனசு மாறும்னு இருந்தேன்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவரின் நிபந்தனை, படியிறங்கியது, எண்ணியது. பிடித்த சரக்கை விலை படியும்வரை கையால் தொடக் கூடாது, தொட்டால் ஆசை தெரிந்துவிடும் என்று அப்பா சொல்லிக் கொடுத்ததும். அந்தக் குழந்தையைத் தூக்கினால் கீழே வைக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தூக்கவில்லை.

எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்கிட்டயுமா பேரம்?"

மறுநாள் லூர்துமேரி வீட்டுக்குப் போனேன். விலாசம் கேட்டேன். ஒரு தடவை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றேன். கெஞ்சினேன். பேரத்தில் கெஞ்சுவது வேறு, இது நிஜம்.

"வேணாம் சார். அவங்க நிம்மதியா இருக்காங்க. நீங்க ஒரு தடவம்பீங்க, அப்புறம் இன்னொரு தடவம்பீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தேன். கல்பகம் வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே விலாசம் கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டாள்.

"சரி, விடுங்க. என்ன பேரு வெச்சிருக்காங்கன்னாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எடையைக் கேட்கத் தெரிந்த எனக்கு அது தோன்றவேயில்லை. மறுபடி போய்க் கேட்டால் லூர்துமேரி கதவைத் திறக்க மாட்டாள். கல்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன்" என்றேன். "சுவர்ணா."

அவள் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "சுவர்ணா. கூப்பிட நல்லாத்தான் இருக்கு."

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் கிளை விழுந்தது. வீட்டுக்காரர் மரத்தையே வெட்டி விறகாக்கிவிட்டார். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. லூர்துமேரி திருச்சிக்கு வேலை மாறிப் போனாள். வேறு குழந்தைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கல்பகம் உள்ளே போய்விடுவாள்.

அவளாகப் பேசுவது ஆடி கடைசியில் மட்டும்தான். சுவர்ணாவுக்கு மூணு முடிஞ்சிருக்கும். சுவர்ணா பள்ளிக்கூடம் போயிருப்பா. வாத்தியார் வீடு, படிப்புக்குக் குறை இருக்காது. நான் அந்தப் பெயரை வாயில் வந்தபடி சொன்னேன் என்பது இதுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்தும் சொல்லாமல் வைத்திருக்கிறாளோ என்று சில வருஷமாக எனக்குச் சந்தேகம். கேட்க எனக்குத் தைரியமில்லை.

இந்த வருஷம், எண்பத்தொன்பதில், சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "சுவர்ணாவுக்குப் பதினாறு ஆயிடுச்சுங்க. பத்தாவது முடிச்சிருப்பா, இல்ல?"

"ஹவ், ஆமா" என்றேன். "முடிச்சிருப்பா."

"முடி அப்பவே எவ்வளவு அடர்த்தி" என்று சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.